பிடித்ததைப் போடும் பெட்டி

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்றாலே பிள்ளைகளுக்குப் பயம். பரீட்சையோ ஊசியோ காரணம் இல்லை. செபமாலை முடிந்ததும் அப்பா கேட்கப்போகிற ஒரே ஒரு கேள்விதான் காரணம். திருஇருதயப் படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில், மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். அப்பா மூடியைத் திறந்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பார்:

"உனக்கு இப்போ ரொம்பப் பிடிச்சது எது?"

பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னது பெட்டிக்குள் போகும். மறுநாள் காலையில் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு பங்குக் கோயிலின் பிறரன்புச் சங்கத்துக்குப் புறப்படுவார். அங்கிருந்து அது யாராவது ஓர் ஏழைக்குப் போய்ச் சேரும். மிச்சம் மீதியைத் தள்ளிவிடுவது தர்மமாகாது, மனசுக்கு நெருக்கமானதைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு ஆன்மா வளரும் என்பது அவர் சித்தாந்தம். சித்தாந்தத்தில் யாரும் பிழை சொல்ல முடியாது. ஒரே ஒரு இடம்தான் இடித்தது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அந்தப் பெட்டி நிரம்பியிருக்கிறது, அதில் அப்பாவின் பொருள் ஒன்றுகூட விழுந்ததில்லை. அவர் கேட்பவர். கேட்பவரை யார் கேட்பது?

அப்பா லேசுப்பட்ட ஆளும் இல்லை. பங்கில் அவருக்கு 'அன்புத் தூதர்' என்று பட்டம். யார் கொடுத்தது என்று விசாரித்தால், சங்கத்தின் விழா மலரில் அச்சாகியிருந்தது என்பார்கள். மலரைத் தயாரித்தவர் யார் என்று மேற்கொண்டு விசாரிக்காமல் இருப்பது மரியாதை. கல்யாணம் பண்ணப்போகிறவர்களுக்கான ஆயத்த வகுப்பில் அவர்தான் நிரந்தரப் பேச்சாளர். 'குடும்பமே முதல் குருமடம்' என்று ஆரம்பித்தார் என்றால், அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த ஜோடிகள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

அண்ணன் விவரமானவன். பால் மணம் மாறாத வயதிலேயே பெட்டியின் சூட்சுமம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. முதலில், "எனக்கு சேசுவைத்தான்பா ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிப் பார்த்தான். அப்பா மசியவில்லை. பெட்டிக்குள் போகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும், கடவுள் பேரைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அண்ணன் தடம் மாறினான். காலைக் கடிக்கும் ஷூ, மீன் எண்ணெய் பாட்டில், கணக்கு வாத்தியார் பரிசாகக் கொடுத்த வாய்ப்பாட்டுப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக, கண்ணில் நீர் முட்ட, உயிரைக் கொடுப்பதுபோல் கொடுத்தான். அப்பா அவனை இழுத்து உச்சி முகர்வார். அந்த மீன் எண்ணெயை எந்தப் பாவப்பட்ட பிள்ளை குடித்துத் தொலைத்ததோ தெரியாது.

தங்கைக்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. படுக்க வைத்தால் கண்ணை மூடும் பொம்மை போனது. கலர் பென்சில்கள் போயின. அவள் வளர்த்த பூனையையும் விடவில்லை. ஒரு விதவையின் வீட்டில் எலித் தொல்லை என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு, மூடியில் ஓட்டை போட்டுப் பூனையைக் கொண்டுபோனார்கள். பூனைக்கு ஆன்மிக உருவாக்கம் போதவில்லை, திரும்பத் திரும்ப வீட்டுக்கே வந்தது. அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு அழுதபோது அப்பா இரண்டாவது சட்டத்தைப் போட்டார்: கொடுத்ததைத் திரும்ப வாங்குவது பாவம்.

அம்மா இறந்தபோது அவள் ஏழாம் வகுப்பு. நோயில் கிடந்த கடைசி மாதங்களில் அம்மா ஒரு வெளிர்நீலக் கம்பளிச் சால்வையை விட்டுப் பிரியவே இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, மகள் அந்தச் சால்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தூங்கினாள். தைலமும் மாத்திரையும் வியர்வையும் கலந்த அந்த வாசனைதான் அவளுக்கு மிச்சமிருந்த அம்மா. அந்த வாரமும் வெள்ளிக்கிழமை வந்தது. கிழமைக்கு இங்கிதம் தெரியாது, சரி. அப்பாவுக்காவது தெரிந்திருக்கலாம். மூடியைத் திறந்து வைத்துக் கேட்டார். ஸ்கேல் என்று சொல், ஸ்கேல் என்று சொல் என்று அண்ணன் விலாவில் இடித்தான். சிலுவையைப் பார்த்துக்கொண்டு அவளுக்குப் பொய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில், நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசையில், அம்மாவின் சால்வை அவளுக்கு முன்னால் நடந்து போனது. யாரோ ஒருத்தியின் தோளில்.

இதோடு விட்டிருந்தால் காலம் ஆற்றியிருக்கும். ஆனால் அப்பாவுக்கு அந்தச் சால்வை புதையலாகக் கிடைத்தது. பேசப் போகிற இடமெல்லாம் அதை விரித்தார். "தாயின் வாசனை மாறாத சால்வையை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், என் மகள் தானாகவே முன்வந்து..." என்று சொல்லி நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சபை மூக்கை உறிஞ்சும். வருஷம் ஏற ஏற, கதையில் மகளுக்கு வயது இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கடைசியாகக் கேட்டபோது, கதையில் வருகிற மகளுக்கு இன்னும் பால் பல்லே விழவில்லை.

நிஜ மகளுக்கு நரை விழுந்தாயிற்று. ஒரு டென்டல் லேபில் பல்செட் கட்டும் வேலை. மெழுகில் பல் அடுக்கி, அச்சு எடுத்து, தேய்த்து, ஈறு நிறத்துக்கு மெருகு ஏற்றி, வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சிரிப்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தான் சிரிப்பது அபூர்வம். மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ரோட்டைப் பார்த்த ஒரு பால்கனி, பூட்டுப் போட்ட பெரிய அலமாரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் தனக்கென்று ஒரு பொருள் வாங்கி வந்து அந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். கப், குடை, கண்ணாடி ஜாடி, பிரிக்காத படுக்கை விரிப்பு. லேபில் யாராவது பேனா கேட்டால்கூட, இருந்தும் இல்லை என்பாள். அன்புத் தூதர் வருஷக்கணக்காகக் கொடுத்த உருவாக்கத்தின் பலன் அது. இதை அவர் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

அந்த லேபுக்குத்தான் ஒருநாள் அப்பா கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். கீழ்ப்பல் செட் பேசும்போது எழும்புகிறதாம். அதைக் கட்டிக் கொடுத்தவளே அவள்தான். மகள் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று நேராக வந்துவிட்டார். செட்டைக் கழற்றி அவள் கையில் வைத்தார். வாய் சுருங்கி, முகம் பாதியானது. பாதியான முகத்தோடே விஷயத்தைச் சொன்னார். மறைமாவட்டம் அவர்களுக்கு 'முன்மாதிரிக் குடும்பம்' என்று விருது கொடுக்கப் போகிறது. மறைமாவட்டத் தலைவரான ஆயரே வருகிறார். அண்ணன் வெளிநாட்டிலிருந்து பறந்து வருகிறான்.

அதற்கு முன்னாலேயே இன்னொரு விஷயம் அவளுக்குத் தெரியும். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து வீட்டில் வேலைக்கு வைத்த எந்தப் பெண்ணும் நிலைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுகிற நேரத்திலும் தாழ்ச்சியைப் பற்றிப் பாடம் எடுத்தால் யார் நிற்பார்கள்? போனவாரம் போனவள் கும்பிடு போட்டுவிட்டே போனாளாம்.

"மேடையில நம்ம பெட்டியை வைக்கிறோம்" என்றார் அப்பா. "நான் உன்னைக் கேட்பேன். என் வேலையும் என் தனி வீடும்தான்பா எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு நீ சொல்லணும். சொல்லிட்டு வீட்டுச் சாவியைப் பெட்டியில போட்டுடு. மறுநாளே நம்ம வீட்டுக்கு வந்துடு. ஆயர் கண்ணு முன்னாடி. எத்தனை குடும்பத்துக்கு உதாரணமா இருக்கும், நினைச்சுப் பாரு."

"விழுந்தா தூக்கிவிட ஆள் வேணும். அதானேப்பா?"

"கொச்சையா பேசாதே. தியாகம்னு சொல்லு."

"தரியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அப்பா உண்மையாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "எதுன்னுதான் கேட்பேன். தரியான்னு உன்னை என்னைக்குக் கேட்டேன்?" என்றார் பெருமையாக. பல்லை மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கிளம்பினார்.

அவள் செட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். கோபத்தில் அவளுக்கு எப்போதும் கைதான் முதலில் பேசும். முன்பல்லுக்குப் பின்னால் ஒரே ஓர் இழுப்பு இழுத்தால் போதும், அன்புத் தூதர் மேடையில் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் விசில் அடிப்பார். இன்னொரு இடத்தில் தொட்டால் முன்வரிசைக்குத் தீர்த்தம் தெளிப்பார். அரைக்கும் மெஷினை எடுத்து ஓடவும் விட்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். விருது விழாவில் தான் பேசப்போகும் தலைப்பைச் சொன்னான்: 'கொடுத்து வளர்ந்தோம்'. அவள் மெஷினை நிறுத்தாமலே, அப்பாவை நீ உன்னோடு அழைத்துப் போயேன் என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"எனக்கு அப்பான்னா உயிர். ரொம்பப் பிடிச்சதைத்தானே கொடுக்கணும்? அதான் உனக்கே கொடுத்துட்டேன்." பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னான்: "நீ சின்ன வயசுலேர்ந்தே தத்தி. பிடிக்காததைப் பிடிக்கும்னு சொல்லியிருந்தா பொழச்சிருப்பே."

போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் காதிலேயே நின்றது. ஷூவைக் கொடுத்தவன் இப்போது அப்பாவையே பெட்டியில் போட்டுவிட்டான். அப்படியென்றால் ஆளையும் போடலாம். இத்தனை வருஷம் அவளுக்கு இது தோன்றவே இல்லை. மெஷினை அணைத்தாள். மெருகுத் துணியை எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எந்தப் பல்லுக்கும் அவள் அப்படிப் பாடுபட்டதில்லை.

மறுநாள் அப்பா வந்தபோது, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னாள். எங்கே தூக்கியிருக்கிறதோ அங்கே நீலப் புள்ளி விழும். விழுந்த புள்ளியை மட்டும் தேய்த்தாள், மறுபடி கடிக்கச் சொன்னாள், மறுபடி தேய்த்தாள். பிறகு பேசிக் காட்டச் சொன்னாள். "கொடுக்கிறேன்னு சொல்லுங்கப்பா. என் மகள்னு சொல்லுங்க." அப்பா சொன்னார். வெண்கல மணி மாதிரி கணீரென்று வந்தது. மகளுக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்று அவர் போகிற வழியில் லேப் முதலாளியிடம் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார்.

அவள் அன்று சாயங்காலம் நேராகப் போன இடம், கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம். யாருமில்லாத கிழவர்களும் கிழவிகளும் இருக்கும் இடம். சில மாதங்களுக்கு முன்னால் அங்கே பல் இல்லாதவர்களுக்கு அளவெடுக்க முதலாளி அவளை அனுப்பியிருந்தார். அளவெடுக்கும்போதே ஒரு கிழவி இவளை அடையாளம் கண்டுகொண்டாள். "நீ அன்புத் தூதர் பொண்ணுதானே? உங்க அம்மா சால்வை எங்கிட்டதான் இருந்தது" என்றாள். அன்றைக்கு இவள் அவசரமாகச் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தச் சால்வைக்காரியைத் தேடித்தான் இப்போது வந்திருந்தாள்.

கிழவி புதுப் பல்லை ஒரு டம்ளரில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். சால்வை என்ன ஆயிற்று என்று இவள் கேட்டதும், கிழவி தயங்கவே இல்லை. அப்பா அதைக் கொடுத்தபோதே நிபந்தனை போட்டாராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார வேண்டும்.

"கொளுத்துற வெயில்லயும் கம்பளி. நாலு பேர் பார்க்கணுமாம். பார்த்தா அவங்களுக்கும் கொடுக்கத் தோணுமாம். வேர்வையில நனைஞ்சு, பூசை முடியறதுக்குள்ள ரெண்டு தடவை மயக்கமே வந்துடுச்சு. ஒரு ஞாயிறு போடாம வந்தேன். அடுத்த வாரமே எனக்கு அரிசி நிறுத்திட்டாரு." கிழவி டம்ளரை ஒரு தட்டு தட்டினாள். "அவரு கவனம் வேற பக்கம் போனதும் அதை நாலா கிழிச்சுத் தரை துடைச்சேன். நல்லாவே துடைச்சுது. கோவிச்சுக்காதே."

மகள் கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாய் திறந்தது, பிறகு சிரிப்பு நிற்கவில்லை. கிழவிக்கும் தொற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு, இல்லத்தின் தலைவி மதர் வந்து எட்டிப் பார்த்தார்.

மதரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பெட்டியிலிருந்து பல்வரை. சாயங்காலங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் இல்லத்துக்குக் கொடுக்கிறேன், மேடையில் என்னை வாங்கிக்கொள்ள நீங்கள் வர வேண்டும் என்று கேட்டாள். மதர் கை கழுவிக்கொண்டே காது கொடுத்தார். பெரிய ஞான உபதேசம் எதுவும் வரவில்லை. பிறரன்பு என்பது கொடுப்பவர் தன்னுடையதைத் தானே மனசாரக் கொடுப்பது, அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் பேர் வாங்குவதற்குப் பத்துக் கட்டளையில் களவுக்குப் பக்கத்தில் வேறு இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயும் சுத்தமான மனசோட வரலைன்னு எனக்குத் தெரியுது. வஞ்சம் மூக்குல அடிக்குது. ஆனா எனக்கு ஆள் பத்தலை. வர்றப்போ கையை ரெண்டு தடவை கழுவிட்டு வா. வேலையை மட்டும் விட்டுடாதே, வேலையை விட்டுட்டு வந்தவங்க எல்லாம் கொஞ்ச நாள்ல என்னைத் திட்டறாங்க."

விருது நாளில் பங்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பேனர். திருக்குடும்பப் படம் அதன் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது, மீதி இடமெல்லாம் அப்பா. மேடையில் நாற்காலிகளுக்கு நடுவில், வெல்வெட் விரித்த மேஜை மேல் மரப்பெட்டி. அண்ணன் 'கொடுத்து வளர்ந்தோம்' பேசி முடித்தான். அந்த ஷூவைப் பற்றிச் சொன்னபோது தானே நம்பி அழுதான். ஆயர் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார், குறட்டை கேட்டது என்பது பாடகர் குழுவின் அவதூறு. பிறகு அப்பா மைக்கைப் பிடித்து, சால்வைக் கதையை இடைவெளி உட்பட முழுசாகச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்தார். அந்த மகளே இன்று உங்கள் முன்னால் நிற்கிறாள் என்று கையை நீட்டினார்.

அவள் கறுப்புச் சேலையில் வந்து நின்றாள். கைப்பையில் சாவி இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்று மைக்கை வாங்கினாள். "இவ்வளவு வருஷமா நீங்க எங்களைக் கேட்டீங்க. இன்னைக்கு முதல்ல நாங்க உங்களைக் கேட்கிறோம். அதுதானே மரியாதை."

மண்டபம் ஆகா என்றது. பங்குச்சாமியார் கை தட்டினார். அப்பா புன்னகைத்தார். பல் ஜொலித்தது.

"உங்களுக்கு இப்போ ரொம்பப் பிடிச்சது எது?"

அப்பா நெஞ்சில் கை வைத்து, கூரையைப் பார்த்து, "கடவுள்" என்றார். கைத்தட்டல் இடி மாதிரி விழுந்தது. அடங்கும்வரை அவள் பொறுமையாக நின்றாள்.

"கடவுள் பேரைச் சொல்லித் தப்பிக்கக் கூடாதுன்னு அண்ணனுக்கு நீங்கதானே சட்டம் போட்டீங்க? பெட்டிக்குள்ள போற மாதிரி சொல்லணும்."

அண்ணன் முன்வரிசையில் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று யோசித்தான். அப்பாவும் சிரித்தார். இது இப்படியே போனாலும் தன் திட்டத்துக்கே வந்து சேரும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. குரலைத் தழைத்து, ஒவ்வொரு எழுத்தும் கடைசி வரிசைவரை போய் விழும்படி சொன்னார்:

"அப்படின்னா என் மகள். என் மகளை விட எனக்குப் பிடிச்சது இந்த உலகத்துல வேற எதுவும் இல்லை."

அவள் பெட்டியை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். மூடியைத் திறந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இரண்டு காலையும் உள்ளே வைத்து நின்றாள். பொம்மையும் பென்சிலும் பூனையும் சால்வையும் கிடந்த இடம். கால் விரல் மடங்கத்தான் இடமிருந்தது.

"கொடுத்துட்டீங்க. சந்தோஷம்பா" என்றாள். "முதியோர் இல்லத்து ஏழைங்க வாங்கிக்க வந்திருக்காங்க."

முதல் வரிசையில் மதர் எழுந்தார். பக்கத்தில் சால்வைக்காரி, பல்லை மாட்டிக்கொண்டு. இருவரும் மேடையேறி வந்தார்கள். கைத்தட்டல் இப்போது எழுந்து நின்று தட்டும் கைத்தட்டலாக மாறியது. சத்தத்தில் விழித்துக்கொண்ட ஆயர், என்ன நடந்தது என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தகப்பனே தன் மகளை ஏழைகளுக்குக் கொடுத்த இப்படியொரு காட்சியை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

அப்பாவின் கை மைக்கைத் தேடியது. "இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"கொடுத்ததைத் திரும்ப வாங்குறது பாவம். பூனை விஷயத்துல சொன்னீங்களே."

சால்வைக்காரி அவள் கையைப் பிடித்துப் பெட்டியிலிருந்து இறக்கினாள். "எங்களுக்குன்னு கொடுத்ததை நாங்க திருப்பித் தர மாட்டோம், ஐயா" என்றாள். "நல்லா வெச்சுக்குவோம்."

அப்பா அழுதார். அது ஆனந்தக் கண்ணீர் என்று மறுவாரம் பங்குச் செய்தி மடலில் வந்தது.

அண்ணன் அந்த இரவே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்பா வீட்டில் மறுபடியும் ஒரு பெண் வேலைக்கு வந்தாள், போனாள். இன்னொருத்தி வாசலோடு போனாள். மழைக்காலத்தில் அப்பா மறுபடி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வரும்வரை தரையிலேயே கிடந்தார். மகள் ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போட்டாள், மருந்து வாங்கினாள், செய்ய வேண்டியதைச் செய்தாள். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. என்னை நீங்கள் இல்லத்துக்குக் கொடுத்தாயிற்றே அப்பா, உங்களிடம் நான் இல்லையே என்றாள். பிறகு அவர் எங்கே போவது? மதரிடம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு அன்புத் தூதர் வந்து சேர்ந்தார்.

வரிசையில் அவருடையது கடைசிக் கட்டில். மகள் வேலை முடிந்து வருவாள், வாசல் குழாயில் கையை இரண்டு தடவை கழுவுவாள், முதல் கட்டிலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒருவருக்கு நகம் வெட்டுவாள், ஒருவருக்குத் தலை சீவுவாள், ஒருவர் முதுகில் பவுடர் போடுவாள். அலமாரியில் பூட்டிக் கிடந்த படுக்கை விரிப்புகளைத் தானாகவே கொண்டு வந்து விரித்திருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசிக் கட்டிலிலிருந்து, "அம்மாடி" என்று குரல் வரும். "வரிசைப்படி வர்றேன்பா" என்பாள், தலையைத் திருப்பாமல். அவர் முறை வரும்போது மற்ற எல்லோருக்கும் செய்ததையே அவருக்கும் செய்வாள். குறையவும் இல்லை, ஒரு கை கூடவும் இல்லை. அந்தக் கூடுதல் கைக்காகத்தான் அவர் முகம் ஏங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள். அந்த நாட்களில் நன்றாகத் தூக்கம் வந்தது.

குளிர் தொடங்கியபோது யாரோ புண்ணியவான் கம்பளிகள் கொண்டு வந்து இறக்கினார். சால்வைக்காரி பார்த்துப் பார்த்து, பாதிரி அங்கி நிறத்தில் இருந்த ஒன்றை எடுத்துவந்து அன்புத் தூதரின் தோளில் போர்த்தினாள். எனக்குக் குளிரவில்லை, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார் அவர். கொடுத்தவர் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கிட்டு முன்னாடி வந்து உட்காருங்க ஐயா" என்றாள் சால்வைக்காரி. "நாலு பேர் பார்க்கட்டும்."

அது வெள்ளிக்கிழமை. இல்லத்தில் செபமாலை முடிந்து சாப்பாட்டு நேரம். நோயாளிகளுக்கென்று உப்பு இல்லாமல், காரம் இல்லாமல், காய் என்ன காய் என்றும் தெரியாமல் ஒரு சூப் வைப்பார்கள். மகள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கட்டிலுக்கு வந்தாள். அப்பாவின் பல்லை அலம்பி மாட்டிவிட்டாள். கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினாள். பிறகு கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"உங்களுக்கு இப்போ ரொம்பப் பிடிச்சது எதுப்பா?"

அப்பா அவளைப் பார்த்தார். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ரேடியோவைப் பார்த்தார். அதன்மேல் மெல்லக் கையை வைத்து மூடினார். கிண்ணத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. அந்த நீரை அவள் நன்றாக அறிவாள். ஷூவுக்கும் மீன் எண்ணெய்க்கும் அண்ணன் கண்ணில் முட்டிய அதே நீர்.

"இந்த சூப்தான்" என்றார், உயிரைக் கொடுப்பதுபோல். பல் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்ததால், ஒவ்வொரு எழுத்தும் பளிங்கு மாதிரி விழுந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொள்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மதர், திடீரென்று ஜன்னலில் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல் திரும்பிக்கொண்டார்.

"அவ்வளவு பிடிக்குமாப்பா?" என்றாள் மகள். இன்னொரு கரண்டி ஊற்றினாள், விளிம்புவரை.